ஒரு குண்டு எப்போது போர்க்குற்றமாகிறது?

எங்கோ போர் நடக்கிறது. ஒரு கட்டடத்தின் மேல் குண்டு விழுகிறது. அன்று மாலைச் செய்தியில் ஒரு தரப்பு "இது போர்க்குற்றம்" என்கிறது. எதிர்த்தரப்பு "உள்ளே ஆயுதக்காரர்கள் பதுங்கியிருந்தார்கள், எல்லாம் சட்டப்படிதான்" என்கிறது. மறுநாள் இறந்தவர்களின் எண்ணிக்கை வருகிறது. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கையை வைத்தே விவாதம் ஓடுகிறது. வாசிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் கடைசிவரை பிடிபடுவதில்லை: இந்த மாதிரி நேரத்தில் சட்டம் எதைப் பார்க்கிறது?

சட்டம் முதலில் பிணங்களை எண்ணுவதில்லை. குண்டு போடச் சொன்னவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, தெரிந்துகொள்ள என்ன செய்தார், வேறு வழி இருந்ததா என்று கேட்கிறது. கேட்க ஈவிரக்கமில்லாதது போலத் தோன்றும். ஆனால் போர்க்கால நடத்தை விதிகள் மொத்தமும் இந்த அச்சில்தான் சுழல்கின்றன. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு கேள்விகள், இரண்டு தராசுகள்

போர் பற்றிய விவாதங்களில் பாதிக் குழப்பம் இரண்டு கேள்விகளைப் போட்டுக் கலக்குவதால் வருகிறது.

1. போருக்குப் போனது சரியா? இதற்கு 1945-இன் ஐ.நா. சாசனம் பதில் சொல்கிறது. இன்னொரு நாட்டின் மீது படை பலத்தைப் பயன்படுத்துவதை அதன் 2(4)-ஆவது பிரிவு தடை செய்கிறது. தற்காப்புக்கு 51-ஆவது பிரிவு இடம் தருகிறது. பாதுகாப்புச் சபை அனுமதித்தாலும் போகலாம்.

2. போரில் நடந்துகொண்ட விதம் சரியா? இதைச் சொல்வது போர்ச் சட்டம். ஆயுத மோதல் சட்டம், சர்வதேச மனிதநேயச் சட்டம் என்று செய்திகளில் வருவதும் இதுவேதான். மூன்று பெயர், ஒரே சட்டம்.

முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதைத் தொடாது. அநியாயமாகப் படையெடுத்து வந்த நாட்டின் சிப்பாய் காயப்பட்டுக் கிடந்தாலும் அவனுக்குச் சிகிச்சை தர வேண்டும். தாக்கப்பட்ட நாடு என்பதற்காக அதன் படைக்குக் கூடுதல் சலுகை எதுவும் கிடையாது. இந்தப் பிரிவினை எதற்கு? உலகத்தில் எந்தப் படையும் "நாங்கள் அநியாயமான பக்கம்" என்று சொல்லிக்கொண்டு போருக்குப் போவதில்லை. நியாயமான பக்கத்துக்குத் தளர்வு உண்டு என்று வைத்தால் இரண்டு பக்கமும் அந்தத் தளர்வை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்றும் இருக்காது.

பழைய வழக்கமும் புதிய சட்டமும்

போருக்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் நேற்று வந்ததில்லை. புறநானூற்றின் 9-ஆவது பாட்டில் பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "எம் அம்பு கடிவிடுதும், நும் அரண் சேர்மின்" என்று முதுகுடுமிப் பெருவழுதியின் தரப்பு எச்சரிக்கிறது. தாக்குமுன் எச்சரிக்கை கொடு என்ற இன்றைய விதியின் பழைய வடிவம் என்று இதை மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். சரிதான். ஆனால் 15-ஆவது பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 9-ஆவது பாட்டைப் பாடிய அதே புலவர் நெட்டிமையார், அதே அரசனை, பகைவரின் ஊரைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதற்காகவும் புகழ்கிறார். வரம்பும் வரம்பு மீறலும் ஒரே பாராட்டில் அடங்கியிருந்த காலம் அது.

வழக்கமாக இருந்தது எழுத்துச் சட்டமாக மாறத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் பல்லாயிரம் பேர் கவனிப்பாரின்றிக் கிடந்ததை ஹென்றி டுனான்ட் என்ற சுவிஸ் வணிகர் பார்த்தார். அதன் தொடர்ச்சியாக 1863-இல் செஞ்சிலுவை அமைப்பு பிறந்தது, 1864-இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை வந்தது. அதே 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் தன் படைகளுக்கு 157 பிரிவுகள் கொண்ட நடத்தை விதிகளை வெளியிட்டார். அதை எழுதியவர் பெயரால் லீபர் சட்டத்தொகுப்பு என்கிறார்கள். இன்று அடிப்படையாக இருப்பவை 1949-இன் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள். உலக நாடுகள் எல்லாமே இவற்றில் சேர்ந்திருக்கின்றன. 1977-இல் வந்த முதலாம் கூடுதல் நெறிமுறைதான் குண்டுவீச்சு பற்றிய விதிகளை விரிவாகச் சொல்கிறது. அதில் அமெரிக்கா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் போன்ற நாடுகள் சேரவில்லை. இருந்தாலும் அதிலுள்ள முக்கிய விதிகள், நாடுகள் வழக்கமாக ஏற்று நடப்பதால் உருவாகும் வழக்காற்றுச் சட்டமாகி, சேராதவர்களையும் கட்டுப்படுத்துகின்றன.

நான்கு சல்லடைகள்

ஒரு தாக்குதல் சட்டப்படி நிற்க வேண்டுமானால் நான்கு சல்லடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்றில் சிக்கினாலும் போச்சு.

1. பாகுபாடு. போராளியையும் பொதுமக்களையும், இராணுவ இலக்கையும் மற்றக் கட்டடங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சீருடை போட்ட சமையல்காரர் இலக்குதான். சீருடை போட்ட மருத்துவரும் மதகுருவும் இலக்கில்லை. ஆயுதத் தொழிற்சாலை இலக்கு. அங்கே வேலை செய்கிறவர் வேலை முடிந்து வீட்டில் தூங்கும்போது இலக்கில்லை. விமானம் பழுதாகிப் பாராசூட்டில் குதிக்கும் விமானியைச் சுடக் கூடாது. அதே வானத்திலிருந்து தாக்குவதற்காகக் குதிக்கும் படைவீரனைச் சுடலாம். ஒருவர் யாரென்று சந்தேகமாக இருந்தால் பொதுமக்களில் ஒருவராகவே கருத வேண்டும். பொதுமக்களில் ஒருவர் துப்பாக்கி எடுத்து நேரடியாகச் சண்டையில் இறங்கினால், இறங்கியிருக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் பாதுகாப்பை இழக்கிறார். "பகலில் விவசாயி, இரவில் போராளி" என்ற சிக்கல் இங்கேதான் வருகிறது. இதற்குச் சட்ட அறிஞர்களிடமே ஒரே பதில் கிடையாது.

2. இராணுவத் தேவை. தாக்குவதால் திட்டவட்டமான இராணுவப் பயன் இருக்க வேண்டும். பழிவாங்குவது, பயமுறுத்துவது, மக்களின் மனத்தை உடைப்பது எதுவும் இந்தக் கணக்கில் வராது. தேவை என்ற சொல்லைச் சாக்காக நீட்டுகிறவர்கள் அதிகம். உண்மையில் அது ஒரு வேலி. தேவையில்லாததைச் செய்யாதே என்பதுதான் அதன் பொருள்.

3. விகிதம். கிடைக்கப்போகும் இராணுவப் பயனோடு ஒப்பிட்டால் பொதுமக்களுக்கு வரக்கூடிய சேதம் மிகையாக இருக்கக் கூடாது. இதைத் தனியாகப் பார்ப்போம்.

4. முன்னெச்சரிக்கை. இலக்கைச் சரிபார்த்தாயா, சேதம் குறைவான ஆயுதம் உண்டா, நேரத்தை மாற்ற முடியுமா, முடிந்த இடத்தில் எச்சரிக்கை கொடுத்தாயா என்ற கேள்விகள் இதில் அடங்கும். தவறு தெரிந்த நொடியில் நிறுத்த வேண்டியதும் இதன் பகுதிதான்.

இவற்றோடு சரணடைந்தவன், காயப்பட்டு விழுந்தவன், சிறைப்பட்டவன் ஆகியோரைத் தொடக் கூடாது என்ற விதி எப்போதும் நிற்கிறது. "இன்று போய் நாளை வா" என்ற சொல் நமக்குப் பழக்கம்தான். சட்டம் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, பிடித்து வைத்துக்கொள்ளலாம். கொல்லக் கூடாது, சித்திரவதை செய்யக் கூடாது.

விகிதம் என்றால் பிணக்கணக்கு இல்லை

"அவர்கள் தரப்பில் 10 பேர், இவர்கள் தரப்பில் 1,000 பேர், இது விகிதத்துக்கு மீறியது" என்று தினமும் கேட்கிறோம். மனச்சாட்சிக்கு இது சரியான கேள்வி. ஆனால் போர்ச் சட்டம் விகிதம் என்று சொல்வது இதை இல்லை. அது இரண்டு தரப்பின் மொத்த இழப்பை ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு தாக்குதலையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, தாக்குமுன் எதிர்பார்த்த பயனையும் தாக்குமுன் எதிர்பார்த்த சேதத்தையும் தட்டில் வைக்கிறது.

ஓர் உதாரணம். ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் எதிரியின் படைத்தலைமை இயங்குகிறது. மற்றத் தளங்களில் குடும்பங்கள். அந்தத் தலைமையை அழித்தால் மறுநாள் நடக்கவிருக்கும் பெரிய தாக்குதலே நின்றுவிடும் என்றால் தராசில் ஒரு பக்கம் கனக்கிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு காவல் சிப்பாய் என்றால் அந்தப் பக்கம் காற்றில் ஆடும். குடும்பங்கள் அதே குடும்பங்கள்தான், கட்டடமும் அதேதான். பதில் மட்டும் மாறிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன, இரண்டும் கசப்பானவை. பொதுமக்கள் இறந்த எல்லாத் தாக்குதலும் குற்றமாகாது. அதே சமயம், ஒருவர்கூட இறக்காத தாக்குதலும் குற்றமாகலாம். ஆளில்லாத பள்ளிக்கூடத்தை, அது பள்ளிக்கூடம் என்று தெரிந்தே காரணமின்றி இடித்தாலும் குற்றம்தான்.

இந்தத் தராசின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். இராணுவப் பயனை எந்த அலகால் அளப்பது, குழந்தையின் உயிரை எந்த அலகால் அளப்பது? இரண்டுக்கும் பொதுவான படிக்கல் இல்லை. அதனால் சட்டம் "அந்த இடத்தில், அந்தத் தகவலோடு, நியாயமாகச் சிந்திக்கும் ஒரு தளபதி என்ன முடிவெடுப்பார்" என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டம் இன்னும் ஒரு படி ஏறி, சேதம் "தெளிவாகவே மிகை" என்று தெரிந்திருந்தால்தான் தண்டிக்கும். தளபதிகளுக்கு இது நிறைய இடம் விடுகிறது. ரொம்பவே நிறைய என்பது என் எண்ணம்.

மனிதக் கேடயம் என்ற சொல்லும் இங்கே அடிக்கடி வரும். பொதுமக்களுக்குப் பின்னால் ஒளிவது குற்றம்தான். ஆனால் எதிரி அப்படி ஒளிந்தான் என்பதால் தாக்குகிறவர் மேலே சொன்ன சல்லடைகளிலிருந்து விடுபடுவதில்லை. ஒருவரின் குற்றம் மற்றவருக்குக் கிடைத்த உரிமம் ஆகாது.

குண்டூஸில் நடந்தது

2015 அக்டோபர் 3 அதிகாலை. ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரம். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்காவின் ஏசி-130 பீரங்கி விமானம் சுட்டுத் தகர்த்தது. 42 பேர் இறந்தார்கள். நோயாளிகள், மருத்துவப் பணியாளர்கள், உடனிருந்த உறவினர்கள்.

சட்டத்தின் பார்வையில் மருத்துவமனைக்குத் தனிக் கவசம் உண்டு. உள்ளே காயப்பட்ட போராளிகள் சிகிச்சை பெறுவதால் அந்தக் கவசம் போய்விடாது. அங்கிருந்து தாக்குதல் நடத்தினால்தான் போகும். அப்போதும் முதலில் எச்சரித்து, நியாயமான அவகாசம் தர வேண்டும்.

விமானக் குழுவுக்குச் சொல்லப்பட்ட இலக்கு தாலிபான்கள் பிடித்திருந்த வேறொரு கட்டடம். மருத்துவமனையின் இட ஆயங்களை, அதாவது வரைபடத்தில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் எண்களை, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு சில நாள் முன்புதான் எல்லாத் தரப்புக்கும் மீண்டும் கொடுத்திருந்தது. பிறகு எங்கே பிசகியது? அமெரிக்க இராணுவத்தின் விசாரணை சொன்னது சங்கிலி போல நீள்கிறது. விமானம் திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே அவசரமாகக் கிளம்பியது. தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் குழுவின் கைக்கு வரவில்லை. தகவல் தொடர்புக் கருவி பழுது. ஏவுகணை வருகிறது என்று நினைத்து விமானம் வழக்கமான சுற்றுப்பாதையை விட்டு விலகியது. அங்கிருந்து ஆயங்களைப் போட்டபோது திரை ஒரு வெற்று நிலத்தைக் காட்டியது. பக்கத்தில் வர்ணனைக்குப் பொருந்துவது போல ஒரு பெரிய கட்டடம் தெரிந்தது, அதையே இலக்காகக் கொண்டார்கள். பழைய பாதைக்குத் திரும்பியதும் கருவி சரியான கட்டடத்தைக் காட்டியது. ஆனாலும் முதலில் பிடித்த கட்டடத்தை விடவில்லை. மருத்துவமனையிலிருந்து போன் போட்டுச் சொன்ன பிறகும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

முன்னெச்சரிக்கை என்ற நான்காவது சல்லடை எவ்வளவு நடைமுறையான விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்தக் குழுவில் யாரும் மருத்துவமனையைத் தகர்க்க வேண்டும் என்று எழுந்து வந்ததாக விசாரணை சொல்லவில்லை. திரையில் தெரிந்த வெற்று நிலம் "நில், ஏதோ சரியில்லை" என்று சொன்னது. கேட்க ஆளில்லை. போர்ச் சட்டம் மீறப்பட்டது என்று விசாரணை ஒப்புக்கொண்டது, 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்யாததால் போர்க்குற்றம் இல்லை என்றார்கள். சட்டமீறலும் போர்க்குற்றமும் ஒன்றில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாப் போர்க்குற்றமும் சட்டமீறல்தான். எல்லாச் சட்டமீறலும் போர்க்குற்றம் ஆவதில்லை.

போர்க்களச் சட்டமும் தெருச் சட்டமும்

இராணுவம் எப்போதும் போரில்தான் சுடுகிறது என்றில்லை. கலவரம், ஊரடங்கு, கூட்டத்தைக் கலைப்பது ஆகியவற்றுக்கும் அழைக்கப்படுகிறது. அங்கே விதி தலைகீழாக மாறுகிறது. போரில் எதிரிப் படைவீரன் தூங்கிக்கொண்டிருந்தாலும் சுடலாம். தெருவில் அப்படி ஒரு எதிரியே கிடையாது, எல்லாரும் குடிமக்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், வேறு வழியே இல்லை என்றால்தான் கொல்லும் அளவு பலத்தைத் தொடலாம். குறைந்தபட்ச பலம் என்பது இதற்குப் பெயர்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் நடந்ததை இந்த விதியை வைத்துப் பார்த்தால் குற்றத்தின் வடிவம் தெளிவாகும். ஜெனரல் டயர் 50 துப்பாக்கிகளோடு உள்ளே போனார். எச்சரிக்கை கொடுக்கவில்லை. சுமார் 10 நிமிடம், 1,650 ரவைகள். அரசின் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். உண்மை எண்ணிக்கை அதிகம் என்பதே இந்தியர்களின் கணக்கு. பிறகு ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் டயர் எதையும் மறைக்கவில்லை. சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்றார். கலைத்தால் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். பஞ்சாப் முழுக்க ஒரு பாடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. காயப்பட்டவர்களுக்கு உதவுவது தன் வேலையில்லை, ஆஸ்பத்திரிகள் திறந்துதான் இருந்தன என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் குறைந்தபட்ச பலம் என்ற விதியின் ஒவ்வொரு பகுதியை உடைக்கிறது. வேறு வழி இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார், எனவே தேவை இல்லை. எதிரே இருப்பவர்களைக் கலைப்பதற்காக இல்லாமல் அங்கே இல்லாதவர்களுக்குப் பாடம் புகட்டச் சுட்டார், எனவே நோக்கமே தப்பு. ஓடுகிறவர்கள் மீதும் சுட்டார், எனவே நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார்.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே விசித்திரமான முரண்களும் உண்டு. கண்ணீர்ப்புகையைப் போலீஸ் தெருவில் வீசலாம். 1993-இன் இரசாயன ஆயுத உடன்படிக்கைப்படி அதைப் போர் முறையாகப் பயன்படுத்தக் கூடாது. மூடிய பதுங்குகுழியில் புகை வந்தால் அது கண்ணீர்ப்புகையா விஷவாயுவா என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது, அவன் விஷவாயுவால் பதிலடி கொடுப்பான் என்ற பயம் இதற்கு ஒரு காரணம். உடலுக்குள் போய் விரியும் ரவையும் அப்படித்தான். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையின் பெயரால் டம்டம் ரவை என்று அழைக்கப்பட்ட இதை 1899-இன் ஹேக் பிரகடனம் போரில் தடை செய்தது. பல நாட்டுப் போலீஸார் இன்றும் விரியும் ரவை வைத்திருக்கிறார்கள். துளைத்து வெளியே போய் பின்னால் நிற்பவரைக் கொல்லாது என்பது அவர்கள் வாதம்.

சட்டைப்பையில் இருக்கும் அட்டை

உடன்படிக்கையின் நூற்றுக்கணக்கான பிரிவுகளை 20 வயதுச் சிப்பாய் மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் படைகள் அவற்றைச் சுருக்கி, அந்தக் களத்துக்கு ஏற்ற உத்தரவுகளாகக் கொடுக்கின்றன. ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மென்ட் என்று செய்தியில் வருவது இதுதான். தமிழில் மோதல் விதிகள் எனலாம். பல படைகளில் இது சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன அட்டையாகவே தரப்படுகிறது. யார் சுட அனுமதிக்கலாம், எதை அடையாளம் கண்ட பிறகு சுடலாம், எந்த ஆயுதத்துக்கு எந்த மட்டத்து ஒப்புதல் வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கும்.

மோதல் விதிகள் சட்டத்தைவிட இறுக்கமாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது. 2009-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்கிரிஸ்டல் குடியிருப்புகள் மீது வான்தாக்குதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. மக்கள் கோபம் எதிரிக்கு ஆள் சேர்த்துக்கொடுக்கிறது என்பது அவர் கணக்கு. "எங்கள் கையைக் கட்டிவிட்டார்கள்" என்று களத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது.

அட்டையில் இருப்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு சோதனைச் சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். 100 மீட்டர் தூரத்தில் அதைக் கவனித்தால் சிப்பாய்க்கு இருப்பது 6 விநாடி. அந்த 6 விநாடிக்குள் கத்த வேண்டும், ஆயுதத்தைக் காட்ட வேண்டும், எச்சரிக்கையாகச் சுட வேண்டும், பிறகு டயரையோ எஞ்சினையோ, கடைசியாக ஓட்டுநரை. உள்ளே வெடிகுண்டு இருக்கலாம்; பிரசவ வலியில் ஒரு பெண் இருக்கலாம். படைவீரனுக்கு உயர்த்திய முஷ்டி என்றால் "நில்". காரில் வருகிறவருக்கு அப்படி ஒரு சைகை இருப்பதே தெரியாது.

இந்த 6 விநாடிகளில் சிப்பாயின் ஒழுக்கத்தை எடை போடுவதில் பெரிய நியாயம் இல்லை. எச்சரிக்கைப் பலகையை 300 மீட்டர் தள்ளி, உள்ளூர் மொழியில் வைத்திருந்தார்களா? வேகத்தடை போட்டார்களா, வளைந்து வரும்படி கான்கிரீட் கட்டைகள் வைத்தார்களா, இரவில் விளக்கு இருந்ததா? சாவடியை வடிவமைத்த அதிகாரிதான் அந்த 6 விநாடியை 20 ஆக்கவோ 3 ஆக்கவோ முடிந்தவர். முதல் கேள்வி அவரிடம் போக வேண்டும்.

"மேலே சொன்னார்கள், செய்தேன்"

உத்தரவுக்குக் கீழ்ப்படிவது படையின் உயிர். அப்படியானால் குற்றமான உத்தரவு வந்தால்? இதற்கான பதில் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

1918-இல் லாண்டோவரி காஸில் என்ற மருத்துவமனைக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. தப்பிப் படகில் ஏறியவர்களையும் சுட்டது. 1921-இல் லைப்சிக் நகரில், ஜெர்மனியின் சொந்த நீதிமன்றம், இரண்டு இளம் அதிகாரிகளுக்கு 4 ஆண்டு தண்டனை விதித்தது. தளபதி சொன்னார் என்ற வாதம் எடுபடவில்லை; நிராதரவாகப் படகில் இருப்பவர்களைச் சுடுவது தப்பு என்று யாருக்கும் தெரியும் என்றது நீதிமன்றம். (இருவரும் பிறகு சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள்.) இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணைகள் இதே கொள்கையை உலகச் சட்டமாக உறுதிப்படுத்தின.

இதற்கு மறக்க முடியாத ஓர் உருவகம் கிடைத்தது 1956-க்குப் பிறகு. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று இஸ்ரேலின் அரபுக் கிராமங்களில் மாலை 5 மணியிலிருந்து ஊரடங்கு, வெளியே இருப்பவர்களைச் சுடு என்று எல்லைக் காவல் படைக்கு உத்தரவு. கஃப்ர் காசிம் கிராமத் தலைவருக்கு இது அரை மணி நேரம் முன்புதான் சொல்லப்பட்டது. வயலிலும் வேலையிடத்திலும் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். விட்டுவிடுவோம் என்றார்கள். விடவில்லை. வேலை முடிந்து சைக்கிளிலும் வண்டியிலும் திரும்பியவர்களில் கிட்டத்தட்ட 50 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கில் நீதிபதி பென்யமின் ஹலேவி, சில உத்தரவுகளின் மேல் "தடை" என்று எச்சரிக்கும் கறுப்புக்கொடி பறக்கும் என்றார். சட்டப் புத்தகம் புரட்டாமலே கண்ணில் குத்தும் சட்டவிரோதம் அது.

அதே உத்தரவு அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் போயிருந்தது. அங்கே இருந்த அதிகாரிகள் அதை அப்படியே நிறைவேற்றவில்லை, மக்கள் வீடு சேர்ந்தார்கள். கொடி தெரியக்கூடியதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தண்டனைகளோ குறைக்கப்பட்டுக்கொண்டே வந்து, சில ஆண்டுகளில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். படைப்பிரிவுத் தளபதிக்கு விதிக்கப்பட்டது 10 புரூட்டா அபராதம், அதாவது செல்லாக்காசு.

1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமத்தாரைக் கொன்றுகொண்டிருப்பதை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தார் ஹ்யூ தாம்சன். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நோக்கி வந்த சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். நம் ஆட்கள் இவர்களைச் சுட்டால் நம் ஆட்களையே சுடுங்கள் என்று தன் இரண்டு பேர் குழுவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்ற ஹெலிகாப்டர்களை அழைத்து அவர்களை ஏற்றி அனுப்பினார். கொல்லப்பட்டவர்கள் அமெரிக்க இராணுவக் கணக்கில் 347, வியட்நாமின் கணக்கில் 504. தண்டிக்கப்பட்டவர் லெப்டினன்ட் கேலி ஒருவர் மட்டும். ஆயுள் தண்டனை என்று தொடங்கி, சுமார் மூன்றரை ஆண்டு வீட்டுக்காவலில் முடிந்தது. தாம்சன் குழுவுக்கு உரிய பதக்கம் 1998-இல்தான் வந்தது.

இன்றைய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு இந்த அனுபவங்களின் சாறு. உத்தரவு என்ற வாதம் பொதுவாகச் செல்லாது. கீழ்ப்படியச் சட்டப்படி கட்டுப்பட்டிருந்து, உத்தரவு சட்டவிரோதம் என்று தெரியாமலும் இருந்து, அது வெளிப்படையாகச் சட்டவிரோதமாக இல்லாமலும் இருந்தால் மட்டுமே விலக்கு. இனப்படுகொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கும் அந்த விலக்கும் கிடையாது.

தளபதி எப்போது குற்றவாளி?

கீழே இருப்பவன் "உத்தரவு" என்று தப்ப முடியாதது போலவே மேலே இருப்பவர் "எனக்குத் தெரியாது" என்றும் தப்ப முடியாது. 1945-இல் மணிலாவில் ஜப்பானியப் படைகள் நடத்திய படுகொலைகளுக்காக அவற்றின் தளபதி ஜெனரல் யமாஷிதா, அமெரிக்க இராணுவ விசாரணைக்குப் பிறகு, 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். கொலைகளுக்கு அவர் உத்தரவிட்டதாக நிரூபிக்கப்படவில்லை; தகவல் தொடர்பு அறுந்திருந்தது என்பது அவர் வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். வென்றவரின் நீதி என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. அதன் பிறகு விதி செதுக்கப்பட்டது. தளபதி குற்றவாளியாக வேண்டுமானால், நடப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது அந்தச் சூழ்நிலையில் தெரிந்திருக்க வேண்டியதாக இருக்க வேண்டும். தடுக்கவோ தண்டிக்கவோ தன் கையில் இருந்ததை அவர் செய்யாமல் விட்டிருக்க வேண்டும்.

தானியங்கி ஆயுதங்களில் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. இலக்கை இயந்திரமே தேர்ந்தெடுத்துச் சுட்டால், "தெரிந்திருந்தது" என்பது யாருடைய தெரிதல்? 2012-இல் வந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆணை, பலத்தைப் பயன்படுத்துவதில் தகுந்த அளவு மனிதத் தீர்மானம் இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு தகுந்த அளவு என்பதில்தான் சண்டை.

செய்தியை வாசிக்கும்போது

அடுத்த முறை இரண்டு தரப்பும் மாறிமாறிச் சத்தம் போடும்போது இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்:

1. பேசப்படுவது போருக்குப் போனதைப் பற்றியா, போரில் நடந்துகொண்டதைப் பற்றியா?
2. அந்த இடத்தில் நடப்பது போரா, சட்டம் ஒழுங்குப் பணியா?
3. இலக்கு என்று சொல்லப்பட்டது எது? அதன் இராணுவப் பயன் குறிப்பாகச் சொல்லப்பட்டதா, "பயங்கரவாதிகளின் கூடாரம்" என்று பொதுவாக மட்டும் சொல்லப்பட்டதா?
4. பொதுமக்கள் இருப்பது முன்பே தெரிந்திருந்ததா? எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா, கேட்டவர்கள் போக வழி இருந்ததா?
5. தவறு தெரிந்த பிறகு எவ்வளவு நேரத்தில் நிறுத்தினார்கள்?
6. விசாரிப்பது யார்?

பல வழக்குகள் முட்டி நிற்பது ஆறாவது கேள்வியில்தான். குண்டூஸுக்குப் பிறகு, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு சர்வதேச மனிதநேய உண்மையறியும் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று கேட்டது. 1977 நெறிமுறையின் 90-ஆவது பிரிவு இதற்கென்றே உருவாக்கிய அமைப்பு அது. ஆனால் சம்பந்தப்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டால்தான் அதனால் வேலையைத் தொடங்க முடியும். அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் ஒப்புக்கொள்ளவில்லை.